பெர்மிட் இல்லாத 28 நாட்கள்

2024 செப்டம்பர் கடைசி வாரம். பழைய பர்ஸ் ஓரம் கிழிந்துபோனதால் எல்லாவற்றையும் புது பர்ஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். காஸ்ட்கோ கார்டு, நூலகக் கார்டு, அதற்கும் பின்னால் ஒட்டிக்கொண்டு கிடந்தது வர்ஜீனியா மாநிலம் தந்த கன்சீல்டு ஹேண்ட்கன் பெர்மிட். கைத்துப்பாக்கியை உடையிலோ பையிலோ வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டு நடமாட அனுமதிக்கும் சீட்டு. காலாவதித் தேதி: அக்டோபர் 14, 2024. மூன்று வாரம்கூட இல்லை.

கார் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மெயில் வரும், பல் டாக்டர் ஆபீஸிலிருந்து மெசேஜ் வரும். இதற்கு எனக்கு எதுவும் வரவில்லை. வராது என்று முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஏன் இது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிப்பவர்கள் அதையேதான் யோசித்துக்கொண்டிருப்பார்கள். நான் வட வர்ஜீனியாவில் ரியல் எஸ்டேட் ஏஜென்ட். ஆள் குடியில்லாத வீடுகளின் வாசலில் தொங்கும் சாவிப் பெட்டியான லாக்பாக்ஸைத் திறந்து, முன்பின் பார்த்திராத ஒருவரோடு தனியாக உள்ளே போவது என் தொழில். 2014 செப்டம்பரில் ஆர்கன்சாவில், லிட்டில் ராக் பக்கத்தில், இப்படிக் காலி வீட்டைக் காட்டப் போன ஒரு பெண் ஏஜென்ட் கடத்திக் கொல்லப்பட்டார். எங்கள் தொழிலில் அந்தக் கதையைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். எனக்கு நடந்தது ஒன்றுமே இல்லை. 2018இல் ஒரு டவுன்ஹவுஸின் தரைக்குக் கீழுள்ள பேஸ்மென்டில், வீடு பார்க்க வந்தவர் எனக்கும் மாடிப்படிக்கும் நடுவில் நின்றுகொண்டு வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எத்தனை வருஷம் பழசு என்று கேட்டார். அவ்வளவுதான். பதில் சொன்னேன், நகர்ந்தார், மேலே வந்தோம். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "ஏம்மா, நம்ம வீட்ல அரிவாள்மனையைத் தவிர ஆயுதம் இருந்ததில்லையே" என்றார் மதுரையிலிருந்து வந்திருந்த மாமியார். கணவர் எதுவும் சொல்லாமல் மறுநாளே துப்பாக்கியைப் பூட்டி வைக்க ஒரு சேஃப் வாங்கி வந்தார். அது சம்மதமா, கண்டனமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இங்கே ஒன்றைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வேலைக்காக வரும் எச்-1பி, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விசாக்களில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே கிடையாது. வர்ஜீனியா சட்டப்படி குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்தால்தான் பெர்மிட். அதைவிடப் பெரியது மத்திய அரசின் சட்டம். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ குண்டையோ கையில் வைத்திருப்பதே குற்றம். முறையான வேட்டை லைசென்ஸ் போன்ற ஒருசில விலக்குகள் மட்டும் உண்டு. ஆபீஸ் நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியால் நாலு ரவுண்டு சுட்டு, போட்டோ போடுகிறார்களே நம் பையன்கள், அதுவும் இதற்குள் வரும். 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கு, படிக்க வந்து விசா தகுதியை இழந்த ஒரு மாணவர் ஃபுளோரிடாவில் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போனதில் தொடங்கியதுதான். இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 2022 முதல் 15 ஆண்டுகள். கிரீன் கார்டு இருந்தாலும் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தீர்ப்பானால், அதுவே நாடு கடத்தப்படக் காரணமாகலாம். நான் எச்-4இல் வந்தவள். கிரீன் கார்டுக்குப் பல வருஷம் காத்திருந்தவள். ஒரு சீட்டின் காலாவதித் தேதிக்கு ஏன் இப்படிப் பதறினேன் என்று எங்கள் வரிசையில் நின்றவர்களுக்குப் புரியும்.

2019இல் முதல் முறை விண்ணப்பித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது அது எவ்வளவு சுலபம் என்பதுதான். குடியிருக்கும் கவுண்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதியின், சர்க்யூட் கோர்ட் கிளார்க் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். எஸ்பி-248 என்ற படிவம். 21 வயது முடிந்திருக்க வேண்டும். கட்டணம் எல்லாம் சேர்த்து 50 டாலரைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். கைரேகை கேட்கவில்லை. முழு விண்ணப்பம் கைக்கு வந்த 45 நாளுக்குள் கோர்ட் முடிவு சொல்ல வேண்டும். தகுதிக்குறைவு எதுவும் இல்லையென்றால் கொடுத்தாக வேண்டும், "உனக்கு எதற்கு?" என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஊரில் ஆயுத லைசென்ஸுக்குக் கலெக்டர் ஆபீஸ் படியேறிய பெரியப்பாவின் கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு இது நம்ப முடியாததாக இருந்தது.

படிவத்தில் கையெழுத்தைக் கிளார்க் முன்னாலோ நோட்டரி முன்னாலோ சத்தியம் செய்து போட வேண்டும். வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகாதீர்கள். கேள்விகளை மெதுவாகப் படியுங்கள். பாதுகாப்பு உத்தரவு இருக்கிறதா, குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றீர்களா, போதைப்பொருள் உண்டா என்று போகும். வர்ஜீனியாவில் 2021 ஜூலை முதல் பெரியவர்கள் கொஞ்சம் கஞ்சா வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் மத்திய சட்டம் மாறவில்லை, துப்பாக்கிக் கடையில் நிரப்பும் படிவம் அதை வெளிப்படையாகவே கேட்கும். தெரிந்தே பொய் எழுதினால் பொய்ச்சாட்சிக் குற்றம்.

சுலபம் என்றேனே, நான் அதிலும் தடுக்கி விழுந்தேன். காரணம் நம் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம். கல்யாணத்துக்குப் பிறகு டிரைவர்ஸ் லைசென்ஸில் கணவர் பெயர். பயிற்சி வகுப்பில் என் முழுப் பெயரைச் சொல்ல முயன்று தோற்ற இன்ஸ்ட்ரக்டர், சான்றிதழில் என் செல்லப் பெயரை எழுதிவிட்டார். நானும் சிரித்துக்கொண்டே வாங்கி வந்துவிட்டேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா லைசென்ஸையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பித் தந்தார். மறுபடி 40 மைல் ஓட்டிப் போய்ப் புதுச் சான்றிதழ். வகுப்பு முடிந்ததும் லைசென்ஸை எடுத்து நீட்டி, எழுத்து எழுத்தாக இதைப் பார்த்து எழுதுங்கள் என்று சொல்லுங்கள். நம்மவர்களில் பாதிப்பேருக்கு இது தேவைப்படும்.

அந்த வகுப்பைப் பற்றி. அப்போது இணையத்திலேயே ஒரு வீடியோ பார்த்து, பத்துப் பதினைந்து கேள்விக்குப் பதில் சொல்லிச் சான்றிதழ் வாங்கிவிடலாம். பலர் அப்படித்தான் வாங்கினார்கள். 2021 ஜனவரி 1 முதல் அது செல்லாது, நேரில் போய்த்தான் கற்க வேண்டும். நான் சட்டம் மாறும் முன்பே நேரில் போனேன். அதுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, பயம். எல்லாத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது என்றே நினை, சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே, குறி பார்த்து முடிவெடுக்கும்வரை விரலை விசையில் வைக்காதே, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இந்த நான்கையும் இன்ஸ்ட்ரக்டர் அன்று எத்தனை முறை சொன்னார் என்று எண்ணவில்லை. முதல் குண்டு வெடித்ததும் என் கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தத்தால்தான். பக்கத்து வரிசையில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் சாவகாசமாகச் சுட்டுக்கொண்டிருந்தார்.

அவர் சொன்ன வேடிக்கை ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. வர்ஜீனியாவில் துப்பாக்கியை இடுப்பில் எல்லோருக்கும் தெரியும்படி மாட்டிக்கொண்டு போக, பொதுவாக, பெர்மிட்டே வேண்டாம். ஆனால் குளிர்காலத்தில் மேலே கோட்டைப் போட்டு அது மூடிவிட்டால், மறைத்து வைத்த குற்றம். "உங்கள் பெர்மிட் துப்பாக்கிக்கு அல்ல, கோட்டுக்கு" என்றார்.

அந்தக் கோட்டு அனுமதி எங்கெல்லாம் செல்லாது என்பதைப் பழகத்தான் எனக்கு ஐந்து வருஷம் ஆனது. எங்கள் வாழ்க்கையின் வரைபடத்தில் பாதி இடம் அதற்கு வெளியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் சிவா விஷ்ணு கோயிலும் முருகன் கோயிலும் லான்ஹாமில், அதாவது பக்கத்து மாநிலமான மேரிலாந்தில். 495 நெடுஞ்சாலையில் அமெரிக்கன் லீஜன் பாலத்தில் பொட்டோமாக் நதியைத் தாண்டிய நொடியில் என் பெர்மிட் வெறும் அட்டை. மேரிலாந்து வர்ஜீனியா பெர்மிட்டை ஏற்பதில்லை, வாஷிங்டன் டிசியும் ஏற்பதில்லை. அவர்களுடையது வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பித்து, குறைந்தது 16 மணி நேரப் பயிற்சி எடுக்க வேண்டும். பாலத்தில் நடுவில் திரும்ப முடியாது. எனவே கோயிலுக்குப் போகும் நாளில் வீட்டுச் சேஃபைத் திறப்பதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி. நடப்பது அரசுப் பள்ளிக் கட்டடத்தில். பள்ளி வளாகத்தில் துப்பாக்கி என்பது வர்ஜீனியாவில் பெருங்குற்றம். பெர்மிட் உள்ளவருக்கு ஒரு சின்னச் சலுகை: மறைத்து வைத்தபடி பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்திருக்கலாம். அதோடு கீழே இறங்கினால் போச்சு. பையனை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடும் அம்மாவுக்கு அது போதும். ஆண்டு விழாவுக்கு இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டிய அம்மாவுக்குப் போதாது. கோர்ட் ஹவுஸ் கிடையாது, விமான நிலைய டெர்மினல் கிடையாது, மாநில அரசுக் கட்டடங்கள் கிடையாது. 2020க்குப் பிறகு ஊராட்சி அமைப்புகளும் தங்கள் பூங்கா, சமூகக் கூடங்களில் தடை போடலாம். ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி போட்டுவிட்டது, பெர்மிட் இருந்தாலும் விலக்கு இல்லை. பொங்கல் விழா நடக்கும் கூடம் யாருடையது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மது பரிமாறும் ரெஸ்டாரன்டுக்குள் போகலாம், ஆனால் ஒரு வாய் குடிக்கக் கூடாது. தனியார் இடத்தில் உரிமையாளர் வேண்டாமென்றால் வேண்டாம்தான். நான் ஆட்கள் குடியிருக்கும் வீட்டைக் காட்டப் போகும்போது எடுத்துப் போவதில்லை, காலி வீடுகளுக்கு மட்டும்.

விமான நிலையம் என்றதும் கைப்பை நினைவுக்கு வருகிறது. 2023இல் மட்டும் அமெரிக்க விமான நிலையங்களின் சோதனை வாசல்களில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பத்தில் ஒன்பதுக்கு மேல் குண்டு நிரப்பியவை. பெரும்பாலானவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான், பையில் இருப்பதே மறந்துவிட்டது. எனக்கு இது கேட்கச் சிரிப்பாக இல்லை. முதல் ஆறு மாதம் நானும் கைப்பையில்தான் வைத்திருந்தேன், புடவைக்கும் சுடிதாருக்கும் இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறையான ஹோல்ஸ்டர் ஒத்துவராது என்பதால். பிறகு 2014 டிசம்பரில் ஐடஹோவில் நடந்ததைப் படித்தேன். வால்மார்ட்டில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த இளம் தாய், அவரிடம் முறையான பெர்மிட், கைப்பையில் துப்பாக்கி. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை பைக்குள் கையை விட்டது. அம்மா அங்கேயே இறந்துபோனார். அன்றோடு கைப்பை முடிந்தது. காலி வீடு காட்டும் நாளில் பேன்ட், பெல்ட், ஹோல்ஸ்டர், மேலே ஒரு ஜாக்கெட். மற்ற நாளில் சேஃப். 14 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து வரும்படி குண்டு நிரப்பிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டுவைப்பது இங்கே ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம், 2020இல் தண்டனையைக் கூட்டினார்கள். தொலைந்தால் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், அதுவும் 2020இல் வந்ததே.

போலீஸ் காரை நிறுத்தினால்? வர்ஜீனியாவில் கேட்டால்தான் சொல்ல வேண்டும். ஆனால் பெர்மிட் விவரம் மாநிலக் காவல்துறையின் கணினியில் ஏறியிருக்கும். துப்பாக்கியோடு இருக்கும்போது பெர்மிட்டும் அரசு போட்டோ அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும், கேட்டுக் காட்டாவிட்டால் 25 டாலர் அபராதம். 25 டாலர் பெரிய விஷயமில்லை. 2016 ஜூலையில் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல் தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே போலீஸிடம் சொன்னார், பெர்மிட் வைத்திருந்தவர். சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் மறு ஆண்டு விடுதலையானார். என் தோலும் வெள்ளையில்லை. என்னை ஒரே ஒரு முறை நிறுத்தினார்கள், 35 மைல் வேகச் சாலையில் 49. இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, பெர்மிட் உண்டு, வலது இடுப்பில் இருக்கிறது, என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "நீங்கள் அதைத் தொட வேண்டாம், நானும் தொடவில்லை" என்றார் அந்த இளைஞர். டிக்கெட் கொடுத்தார்.

சரி, 2024க்கு வருகிறேன். புதுப்பிக்க நேரில் போக வேண்டாம், தபாலில் அனுப்பலாம், பயிற்சியை மறுபடி எடுக்க வேண்டாம். சட்டத்தில் ஒரு நல்ல வசதியும் இருக்கிறது. பழையது முடிவதற்கு 180 நாளுக்கு மேலாகாமல், 90 நாளுக்குக் குறையாமல் விண்ணப்பம் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், புதிய பெர்மிட் பழையது முடியும் நாளிலிருந்து தொடங்கும். ஒரு நாள்கூட வீணாகாது, இடைவெளியும் விழாது. என் கணக்கில் அது ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை நடுவரை. ஏப்ரலில் வீடு விற்கும் சீசன், மூச்சு விட நேரமில்லை. ஜூன், ஜூலையில் அப்பாவின் சதாபிஷேகத்துக்கு மதுரையில் இருந்தேன். நடுவில் மேயில் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

செப்டம்பர் 27 அன்று பேங்கில் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு, செக், பழைய பெர்மிட் நகல், 2019 பயிற்சிச் சான்றிதழ் நகல், லைசென்ஸ் நகல் எல்லாவற்றையும் வைத்து ஒட்டினேன். சான்றிதழ் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 2021இல் பக்கத்துக் கவுண்டிக்கு வீடு மாறியிருந்தோம், விண்ணப்பம் இப்போது குடியிருக்கும் கவுண்டிக்கே போக வேண்டும், அந்தக் கோர்ட்டுக்கு என்னைத் தெரியாது. போஸ்ட் ஆபீஸ் வாசலில் காரை நிறுத்திய பிறகு இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தபால் அலுவலகம் மத்திய அரசு இடம், அங்கேயும் துப்பாக்கி கூடாது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தைப் போடப் போய் மாட்டிக்கொண்டவள் என்ற பெயர் நல்லவேளை வரவில்லை, அன்று சேஃபில்தான் இருந்தது.

ஒரு வாரத்துக்குள் உறை திரும்பி வந்தது. தப்பு என்னுடையது. வீடு மாறியதும் டிரைவர்ஸ் லைசென்ஸ் தரும் அரசுத் துறையான டிஎம்வியின் இணையதளத்தில் முகவரியை மாற்றிவிட்டேன், ஆனால் புதிய அட்டை தானாக வராது, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கட்டவில்லை. எனவே லைசென்ஸ் நகலில் பழைய வீடு, படிவத்தில் புதிய வீடு. நான் இந்தக் கவுண்டிக்காரி என்பதற்கு அத்தாட்சி கேட்டிருந்தார்கள். சொத்து வரி பில்லையும் மின்சார பில்லையும் சேர்த்து, இம்முறை நேரில் போய், அக்டோபர் 8 அன்று கொடுத்தேன். 45 நாள் அன்றிலிருந்துதான் எண்ணப்படும், ஏனென்றால் முழுமையான விண்ணப்பம் அன்றுதான் வந்தது. 45 நாளில் கோர்ட் முடிவு சொல்லாவிட்டால், விண்ணப்பத்தின் மேலேயே கிளார்க் சான்றளித்து அனுப்ப வேண்டும், அது 90 நாளுக்குப் பெர்மிட் மாதிரி செல்லும். எனக்கு அது தேவைப்படவில்லை.

அக்டோபர் 14 இரவோடு பழையது முடிந்தது. அடுத்த நாளிலிருந்து அதே ஜாக்கெட், அதே ஹோல்ஸ்டர் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தால் முதல் நிலைச் சிறுகுற்றம், 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம். பெர்மிட் இல்லாமலும் சொந்தக் காரில் மூடிய பெட்டியிலோ அறையிலோ பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்று வர்ஜீனியா சட்டம் சொல்கிறது. ஆனால் வீடு காட்டும்போது காரில் இருப்பதால் எனக்கு என்ன பயன்? சேஃபிலேயே விட்டேன்.

அந்த 28 நாளில் ஒன்பது காலி வீடுகள் காட்டினேன். முதல் முறை வருபவர்களை ஆபீஸுக்கு வரச் சொல்லி லைசென்ஸை நகல் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குள் அவர்களை முன்னால் விட்டு நான் பின்னால் போனேன், பேஸ்மென்டுக்கு இறங்கவேயில்லை, "நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் வாசலில் போன் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்றேன். போனில் என் இருப்பிடம் கணவருக்குத் தெரியும்படி வைத்தேன். இதெல்லாம் 2018இலேயே செய்திருக்கலாம். பெர்மிட் இருந்த ஐந்து வருஷத்தில் இவற்றில் ஒன்றைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை, இடுப்பில் ஒன்று இருக்கிறதே என்ற தைரியத்தில்.

நவம்பர் 12 தேதியிட்டு வந்தது புதிய பெர்மிட். முந்தைய நாள் வெட்டரன்ஸ் டே, கோர்ட் விடுமுறை. மாமியார் அந்த உறையை வாங்கி வைத்திருந்தார். "கோர்ட்ல இருந்து ஏதோ வந்திருக்கும்மா, பயந்துட்டேன்" என்றார். பிரித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தார். "போட்டோகூட இல்லையே, இதுக்கா இவ்வளவு?"

போன் காலண்டரில் 2029 மே 20 அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு நினைவூட்டல் போட்டேன். கணவர் போனிலும் போட்டேன். டிஎம்விக்குப் பணம் கட்டிப் புது லைசென்ஸும் வாங்கிவிட்டேன். பேஸ்மென்டுக்கு இன்னும் இறங்குவதில்லை.